மெக்சிகோ ஊர்த் திருவிழாக்களில் படம் எடுப்பது: எங்கே கேமராவைத் தூக்கலாம், எங்கே பைக்குள் வைக்கணும்?

கூழாங்கல் | நவம்பர் 18

எல்லோருக்கும் வணக்கம். கெரேத்தரோவில் ஐடி வேலை, இது மூன்றாவது வருஷம். இத்தனை நாள் வார இறுதியில் நகரத்துத் தெருக்களையே சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த நவம்பர் 1ஆம் தேதி ராத்திரி, இறந்தோர் நாளுக்காக மிச்சோவாகான் மாநிலத்தில் பாட்ஸ்குவாரோ ஏரிக்கு நடுவே இருக்கும் ஹனிட்சியோ தீவுக்குப் போனேன்.

படகுக்கே ஒன்றரை மணி நேரம் வரிசை. கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைக்க இடமில்லை. 640 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பாதிப் படத்தில் யாரோ ஒருவரின் முதுகும் அவர் தூக்கிப் பிடித்த மொபைலும். மீதியில் மெழுகுவர்த்திச் சுடர் வெள்ளையாக வெந்துபோய், முகம் கரி. தேறியது ஒன்றே ஒன்று. அதில் ஒரு பாட்டி கல்லறைப் பக்கத்தில் போர்வைக்குள் உட்கார்ந்து என்னை முறைக்கிறார். முறைத்ததில் தப்பே இல்லை என்று இப்போது படுகிறது.

ஜனவரியில் 20 முதல் 23 வரை லீவு கிடைத்திருக்கிறது. சியாப்பாஸ் மாநிலத்தில் சியாப்பா தே கோர்சோ ஊரில் பராச்சிக்கோ என்கிற முகமூடி ஆட்டம் பார்க்கப் போகிறேன். அப்படியே சான் ஹுவான் சமுலா சர்ச்சுக்கும் போகலாமா என்று ஒரு யோசனை. என்னிடம் இருக்கும் லென்ஸ்கள் 24-70, 35, 85. எதை எடுத்துப் போவது, யாரிடம் கேட்டுவிட்டு எடுப்பது, எங்கே எடுக்கவே கூடாது? போனவர்கள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ரீல்பெட்டி | நவம்பர் 18

தம்பி, நான் மெக்சிகோ பக்கம் போனதில்லை. வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஊர் விஷயம் தெரிந்தவர்கள் பிறகு வருவார்கள்.

மெழுகுவர்த்தியின் நிறவெப்பம் 1,900 கெல்வினை ஒட்டி இருக்கும். ஆட்டோ வொயிட் பேலன்ஸில் விட்டால் ஒரு படம் ஆரஞ்சு, அடுத்த படம் பச்சையடித்த மஞ்சள் என்று கேமரா தன் இஷ்டத்துக்கு ஆடும். கையால் 3,000 அல்லது 3,200 வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 35 லென்ஸை 1.8இல் திறந்து, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை, ஷட்டர் 1/60. ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வையுங்கள். சுடர் வெந்தால் வேகட்டும், அது சுடர்தானே. திரியைச் சரிசெய்யவோ பூவை அடுக்கவோ அவர்கள் குனிவார்கள் பாருங்கள், அந்த மூன்று நொடியில்தான் முகத்துக்கு வெளிச்சம் வரும். அதுவரை சும்மா இருங்கள்.

ஃபிளாஷ் போடக்கூடாது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் ஃபோகஸுக்கு உதவ என்று ஒரு சின்ன சிவப்பு விளக்கு தானாக எரியுமே, அதை அணைத்தீர்களா? இருட்டில் ஒரு கிழவியின் முகத்தில் லேசர் அடித்த மாதிரி இருக்கும். பாட்டி எதற்கு முறைத்தார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

கூழாங்கல் | நவம்பர் 18

அண்ணா, அணைக்கவில்லை. :-(

அக்காக்குருவி | நவம்பர் 19

கூழாங்கல், நான் மெக்சிகோ சிட்டியில் ஒன்பது வருஷம் இருந்தேன். சியாப்பா தே கோர்சோவுக்கு நான்கு தடவை போயிருக்கிறேன். அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹனிட்சியோ. அங்கே முதுகுகள்தான் கிடைக்கும், அது உங்கள் தப்பில்லை. பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி வலையைத் தூக்கிக்கொண்டு படகில் நிற்கும் மீனவர்கள் படம் பார்த்திருப்பீர்கள். இப்போது அவர்கள் அந்த வலையைத் தூக்குவது பெரும்பாலும் சுற்றுலாப் படகு வரும்போதுதான். ஏரியைச் சுற்றிப் புரேபெச்சா பழங்குடி மக்களின் மற்ற ஊர்கள் இருக்கின்றன. அரோகுதினில் கல்லறைகள் சர்ச்சின் முற்றத்திலேயே இருக்கின்றன, ஊரும் சின்னது. சாந்தா ஃபே தே லா லகூனாவில், அந்த வருஷம் சாவு நடந்த வீடுகளில் பெரிய படையல் வைத்துக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். உள்ளே போகலாம், ஆனால் வெறுங்கையோடு போகக்கூடாது. பழமோ மெழுகுவர்த்தியோ கொண்டுபோய்ப் படையலில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் சாப்பிடத் தருவார்கள். சாப்பிட்ட பிறகு கேமராவைக் காட்டிக் கேளுங்கள். அந்த வரிசை மாறக்கூடாது. வாசலிலேயே கேமராவோடு நிற்பவனைப் பார்த்தால் எந்த ஊர்க்காரருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

எலும்புக்கூடு மாதிரி முகத்தில் வண்ணம் தீட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால் மெக்சிகோ சிட்டி ஊர்வலத்துக்குப் போங்கள். அது 2016இல் ஆரம்பித்தது. 2015இல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படியொரு ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டினார்கள், மறு வருஷம் நகரம் அதை நிஜமாக்கிவிட்டது. படம் எடுக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புரேபெச்சா கிராமத்து ராத்திரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது சியாப்பா தே கோர்சோ. கிரிஹால்வா ஆற்றங்கரையில் இருக்கிறது. துஸ்த்லா ஊரில் தங்கினால் வேனில் வந்துபோகலாம். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆட்டம். பராச்சிக்கோக்கள் மரத்தில் செதுக்கி அரக்குப் பூச்சு போட்ட முகமூடி அணிவார்கள். வெளுத்த முகம், சிவந்த கன்னம், கண்ணாடி பதித்த மாதிரிப் பளபளப்பு. தலையில் கற்றாழை நாரில் செய்த பெரிய மஞ்சள் முடி. தோளில் பட்டை பட்டையாய்ச் சரப்பே போர்வை, கையில் சின்சின் என்கிற தகரக் கிலுகிலுப்பை. ஆயிரம் பேர் ஒன்றாக அதை ஆட்டும்போது காது அடைத்துவிடும். முன்னால் கொஞ்சம் கடுகடுத்த முகமூடியோடு ஒருவர் நடப்பார். கையில் கிட்டாரும் சாட்டையும், வாயில் புல்லாங்குழல். அவர்தான் பத்ரோன். அவருக்கு முன்னால் நின்று வழிமறித்துப் படம் எடுக்காதீர்கள். அது ஆட்டம் மட்டுமில்லை, சாமி கும்பிடுகிற முறையும் அதுதான். வீடு வீடாக, சர்ச் சர்ச்சாகப் போய்ச் சிலைகளை வணங்குகிறார்கள்.

இந்த ஆட்டம் எப்படி வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. மரியா தே அங்கூலோ என்ற பணக்காரச் சீமாட்டி, நோய்வாய்ப்பட்ட மகனைக் குணப்படுத்த அங்கே வந்தாளாம். பையனைச் சிரிக்க வைக்க ஊர்க்காரர்கள் வேஷம் கட்டி ஆடினார்களாம். "பாரா எல் சிக்கோ" என்றால் பையனுக்காக. அதுவே பராச்சிக்கோ ஆனது என்பார்கள். முகமூடி ஏன் வெள்ளைக்காரச் சாயலில் இருக்கிறது என்பதற்கும் இதையே சொல்வார்கள்.

நீங்கள் போகும் 20ஆம் தேதிதான் சான் செபாஸ்தியான் விழா, பெரிய நாள். 21 ராத்திரி ஆற்றில் வாணவேடிக்கையோடு கப்பல் சண்டை. 22 ரதங்கள். 23 கடைசிப் பூசையும் பிரியாவிடையும். 22ஐ விட்டாலும் 23ஐ விடாதீர்கள்.

லென்ஸ்: 35. வேறெதுவும் வேண்டாம். தெரு குறுகல், கூட்டம் நெருக்கம். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கும் 85 வைத்திருந்தால் முகமூடி முகமூடியாக எடுத்துக்கொண்டு வருவீர்கள், எல்லோரும் அதையே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஊர் தெரியாது. அப்புறம், ஜனவரி என்று ஸ்வெட்டரோடு போகாதீர்கள், பகலில் வெயில் கொளுத்தும். ஸ்வெட்டர் சமுலா பக்கத்துச் சான் கிறிஸ்தோபலுக்கு வேண்டும். அது 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் மலை ஊர், ராத்திரி நடுங்கும்.

சட்டைபட்டன் | நவம்பர் 19

எல்லாம் சரி. ஆனால் இந்த "கேட்டுவிட்டு எடு" பாட்டு எனக்குப் புரிவதே இல்லை. பொதுத் தெரு, பொது விழா, ஆயிரம் பேர் முன்னால் வேஷம் கட்டி ஆடுகிறார்கள். பார்க்கத்தானே ஆடுகிறார்கள்? கேட்டால் உடனே நிமிர்ந்து நின்று போஸ் கொடுப்பார்கள், படம் செத்துப்போகும். பத்து வருஷமாகத் தெருப் படம் எடுக்கிறேன், ஒருத்தரிடமும் கேட்டதில்லை. கேமரா உயிரைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்புகிறவர்களுக்காக நான் என் வேலையை மாற்றிக்கொள்ள முடியாது.

நத்தை | நவம்பர் 20

சட்டைபட்டன், "பார்க்கத்தானே ஆடுகிறார்கள்" என்றீர்கள். யார் பார்க்க? பராச்சிக்கோ ஆடுவது சான் செபாஸ்தியானுக்கு. நீங்களும் நானும் அங்கே தற்செயலாக நிற்கிறோம்.

கூழாங்கல், சமுலா பற்றி. சான் கிறிஸ்தோபலில் இருந்து 10 கிலோமீட்டர்தான். சோட்சில் பேசும் மாயா மக்களின் ஊர். சர்ச்சுக்குள் படம் எடுப்பது முழுத் தடை, இதில் பேச்சுக்கே இடமில்லை. மொபைலையும் எடுக்காதீர்கள். ஊர் நிர்வாகமும் காவலும் அவர்களுடைய வழக்கப்படிதான் நடக்கின்றன. மீறினால் கேமராவைப் பிடுங்குவார்கள், அபராதம் போடுவார்கள், சிறையில் உட்கார வைக்கவும் செய்வார்கள். ஆனால் போங்கள். பெஞ்சே இல்லாத தரை, முழுக்கப் பைன் ஊசியிலை பரப்பியிருக்கும். தரையிலேயே வரிசை வரிசையாக மெழுகுவர்த்தி ஒட்டிவைத்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து வேண்டுவார்கள். பக்கத்தில் கோழி, போஷ் என்கிற சாராயம், சோடா பாட்டில்கள். சுவரோரம் புனிதர் சிலைகளின் கழுத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் தொங்கும். கோபால் என்கிற சாம்பிராணியின் புகையில் கண் எரியும். ஒரு மணி நேரம் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். இப்போதும் படம் மாதிரி நினைவிருக்கிறது, கையில் கேமரா இருந்திருந்தால் எக்ஸ்போஷரைத்தான் பார்த்திருப்பேன்.

வெளியே சதுக்கத்தில், தூரத்தில் இருந்து பொதுவாக எடுத்தால் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பதவியில் இருப்பவர்களை, சடங்கு செய்பவர்களை எடுக்கக்கூடாது. வடமேற்கில் நயாரித் மலையில் கோரா மக்களின் புனித வாரமும் இப்படித்தான். ஆண்கள் உடம்பு முழுக்கக் கரி பூசி ஓடும் சடங்கு, கேட்டாலே படம் எடுக்க ஆசை வரும், கேமராவுக்கு அனுமதி இல்லை.

இப்போது "உயிரைப் பிடித்துக்கொண்டு போகும்" கதைக்கு வருகிறேன். இதைச் சுற்றுலா வழிகாட்டிகள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், கேட்பவருக்கும் சுவையாக இருக்கிறது. மருச் சாந்திஸ் கோமெஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சமுலா பகுதியைச் சேர்ந்த சோட்சில் பெண், 1975இல் பிறந்தவர். சியாப்பாஸில் 1992இல் மாயா மக்களுக்கே கேமரா கொடுத்துப் பயிற்சி தந்த ஒரு திட்டம் தொடங்கியது. அதில் கேமரா பிடித்தவர். வீட்டில் புழங்கும் சின்னச் சின்னப் பொருள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, அதோடு ஒட்டிய ஊர் நம்பிக்கையைப் பக்கத்தில் எழுதி வைத்தார். உலகமெங்கும் கண்காட்சிக்குப் போன படங்கள் அவை. கேமராவைக் கண்டு பயந்த ஊர் என்றால் இவர் எங்கிருந்து வந்தார்? அவர்களுடைய பிரச்சினை கேமராவோடு இல்லை. கேமராவை யார் பிடிக்கிறார், படம் எங்கே போகிறது என்பதில்தான்.

சட்டம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. பழங்குடி மக்கள், ஆப்பிரிக்க மெக்சிகோ மக்கள் ஆகியோரின் பண்பாட்டு மரபைக் காக்க 2022 ஜனவரியில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஆட்டம், உடை, அலங்கார வடிவம் எல்லாம் அந்தச் சமூகத்தின் கூட்டுச் சொத்து. சம்மதமில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் தண்டனை. வீட்டில் மாட்டிக்கொள்ளும் படத்துக்கு யாரும் வரமாட்டார்கள். டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்றால் கதை வேறு.

சட்டைபட்டன் | நவம்பர் 20

சரி, அந்தப் பெண்ணின் விஷயம் எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்கிறேன். உயிர் பிடிக்கும் கதையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கேட்டால் படம் செத்துப்போகும் என்பதில் மாற்றமில்லை.

ரீல்பெட்டி | நவம்பர் 21

சட்டைபட்டன், மெக்சிகோ புகைப்படக்காரர் கிராசியேலா இத்தூர்பீதே 1979இல் ஹுச்சித்தான் ஊரில் எடுத்த படம் ஞாபகமிருக்கிறதா, தலையில் உயிருள்ள உடும்புகளோடு ஒரு சந்தைக்காரப் பெண்? ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோ தன் ஊர்ப் பக்கம் வரச்சொல்லி அழைத்ததால் போனவர், பெண்களோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி, சந்தையில் கூடவே உட்கார்ந்திருந்து எடுத்தார். அந்தப் பெண்ணுக்குக் கேமரா இருப்பது நன்றாகத் தெரியும். படம் செத்தா போயிற்று? ஊர்க்காரர்கள் அந்தப் படத்தையே சிலையாக வைத்துவிட்டார்கள்.

(உடும்பா, பெரிய ஓணானா என்று சண்டைக்கு வராதீர்கள். இகுவானாவுக்குத் தமிழில் எனக்கு வேறு சொல் தெரியவில்லை.)

பொடிநடை | நவம்பர் 22

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு நானே வாங்கிக் கட்டிக்கொண்டது.

புயேப்லா மாநிலத்தின் தெற்கே, மிஸ்தேக்கா மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். ஊர்த் தெய்வத்தின் விழாவுக்கு ஒரு மயோர்தோமோ இருப்பார். அந்த வருஷத்துத் திருவிழாவைத் தன் தலையில் தூக்கிச் சுமப்பவர். பேண்டு வாத்தியம், வாணவேடிக்கைக் கோபுரம், பூ, ஊருக்கே மோலே குழம்புச் சாப்பாடு, எல்லாம் அவர் பொறுப்பு. உறவுக்காரர்கள் கை கொடுப்பார்கள், ஆனாலும் பல வருஷச் சேமிப்பு ஒரே வாரத்தில் போய்விடும். நான் அவரைப் போய்ப் பார்த்து, மரியாதையாகக் கேட்டு, மூன்று நாள் எடுத்தேன். மறு வருஷம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல தாள், பெரிய அளவு, அருமையான கறுப்பு வெள்ளை. பெருமையோடு போனேன்.

மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இவ்வளவு கலருக்குப் பணம் கொடுத்தேனே, எல்லாவற்றையும் அழித்துவிட்டீர்களே?" என்றார். பூ வளைவைப் பத்துப் பேர் விடிய விடியக் கட்டியிருக்கிறார்கள். என் படத்தில் அது சாம்பல் நிறம். அடுத்து அவர் மனைவி பார்த்தார். சாமிக்கு முன்னால் அவர் நிற்கும் படம், இடுப்போடு வெட்டியிருந்தேன். முகபாவம் அப்படி வந்திருந்தது. "காலைக் காணோமே" என்றார். அந்த விழாவுக்காகவே வாங்கிய செருப்பாம்.

அன்று சாயங்காலம் அவர்களுடைய ஆல்பத்தைக் காட்டினார்கள். எல்லாப் படத்திலும் ஆள் முழுசாக, நேராக, தலை முதல் கால் வரை. நடுவில் சாமி. பக்கத்தில் யார் யார் எந்த வேலைக்குப் பொறுப்போ, அந்த வரிசையில் நிற்கிறார்கள். சிரிப்பு கிடையாது. நாம் போஸ் என்று ஒதுக்குகிறோமே, அதுதான் அவர்களுக்குப் படம். இவர் இந்த வருஷம் இந்தப் பொறுப்பைச் செய்து முடித்தார் என்பதற்குச் சாட்சி அது. மூக்கையும் கண்ணையும் மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தால் எதற்கு ஆகும்?

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். கேமராவை அந்த ஊருக்கு நான் கொண்டுபோகவில்லை, ஏற்கெனவே இருந்தது. ஊர் வீடியோக்காரர் ஒருவர் மூன்று நாளும் தூங்காமல் எடுத்தார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேர் நியூயார்க்கில் சமையலறைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்குப் பணம் அனுப்புவதும் அவர்கள்தான். குடியேற்றக் காகிதம் இல்லாததால் வந்து போக முடியாது. முன்பு டிவிடி போகும், இப்போது ஃபேஸ்புக்கில் நேரலை. சாமி புறப்படும்போது வீடியோக்காரர் ஒவ்வொரு முகமாகத் திருப்புவார், அங்கே யாரோ ஒருவர் தன் அம்மாவைத் தேடுவார். நான் நல்ல கோணம் கிடைத்தது என்று அவர் கேமராவுக்குக் குறுக்கே அரை நிமிஷம் நின்றேன். ஊரே கத்தியது. எதற்குக் கத்துகிறார்கள் என்று எனக்கு ராத்திரிதான் புரிந்தது.

ஆகையால் கூழாங்கல், போனதும் முதல் வேலையாக ஊர் வீடியோக்காரரைக் கண்டுபிடி. வணக்கம் சொல்லு. எங்கே நிற்கலாம் என்று அவரிடமே கேள். ஊர்வலம் எந்தச் சந்தில் திரும்பும், எத்தனை மணிக்கு எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்று அவருக்கு மனப்பாடம்.

அக்காக்குருவி | நவம்பர் 22

பொடிநடை அண்ணா, காலைக் காணோமே என்றதைப் படித்துச் சிரித்துவிட்டேன், பிறகு என் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஒன்பது வருஷம், கால் இல்லாத மெக்சிகோ.

கூழாங்கல் | நவம்பர் 23

எல்லோருக்கும் நன்றி. 85ஐ வீட்டிலேயே வைத்துவிடுகிறேன் (அனேகமாக). இரண்டு கேள்வி. ஒன்று, காசு கேட்டால் கொடுக்கலாமா? இரண்டு, கேட்பது என்றால் என்ன சொல்லிக் கேட்பது? என் ஸ்பானிஷ் ஆபீஸ் ஸ்பானிஷ்.

கேள்வி இல்லாத இன்னொரு விஷயம்: ஹனிட்சியோவில் கல்லறை முழுக்கச் செம்பாசூச்சில் பூ. பார்த்ததும் நம்ம செண்டுமல்லி என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் அதேதான், ஆனால் "நம்ம" என்பது தப்பு. சொந்த ஊர் மெக்சிகோவாம். அங்கிருந்து கடல் தாண்டி நம் பூக்கடைக்கு வந்திருக்கிறது. கோயம்பேட்டில் மூட்டை மூட்டையாகக் குவிந்திருப்பதை இத்தனை வருஷம் பார்த்தும் தெரியாமல் போயிற்று. அம்மாவிடம் போனில் சொன்னேன், "அதனால்தான் அதற்கு வாசம் ஒரு மாதிரி" என்றார்.

நத்தை | நவம்பர் 23

காசு: இடத்தைப் பொறுத்தது. சுற்றுலா ஊரில் ஆட்டுக்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள், வலை தூக்கும் மீனவர், இவர்களுக்கு அது வேலை. கொடுங்கள், கூலிதானே. விழாவில் சாமிக்காக ஆடுகிறவரிடம் நோட்டை நீட்டாதீர்கள், அவமானமாக எடுத்துக்கொள்வார். அங்கே விழா உண்டியலில் போடுங்கள், அல்லது மயோர்தோமோ வீட்டுக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கிப் போங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கேட்பது: "லே புவேதோ தொமார் ஊனா ஃபோத்தோ?" லே முக்கியம். தே என்றால் நீ, லே என்றால் நீங்கள். ஆபீஸில் எல்லோரையும் நீ போட்டுப் பழகியிருப்பீர்கள். கிராமத்துப் பெரியவரிடம் அது எடுபடாது. மலை ஊர்களில் ஸ்பானிஷே சிலருக்கு இரண்டாம் மொழி, அதனால் மெதுவாகப் பேசுங்கள். முகமூடிக்குள் இருப்பவரிடம் கேட்க முடியாது என்பீர்கள். ஓய்வெடுக்க முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைப்பார், அப்போது கேளுங்கள்.

வத்திப்பெட்டி | நவம்பர் 25

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் மார்ச் மாதம் மெக்சிகோ சிட்டியில் இருப்பேன். துல்தெபெக்கில் பட்டாசுக் காளை எரிப்பார்களாமே, எடுக்க முடியுமா? பாப்பாந்த்லா பறக்கும் மனிதர்களும் பட்டியலில் இருக்கிறார்கள்.

பொடிநடை | நவம்பர் 26

துல்தெபெக் பட்டாசுத் தொழிலாளர் ஊர். மார்ச் 8, அவர்களுடைய காவல் புனிதர் சான் ஹுவான் தே தியோஸின் நாள். காகிதக்கூழில் செய்த காளைகள், சில ஒரு வேன் உயரம் இருக்கும், உடம்பு முழுக்கப் பட்டாசு. கூட்டத்துக்கு நடுவிலேயே கொளுத்தி இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். முழுக்கை பருத்திச் சட்டை, ஜீன்ஸ், கண்ணுக்கு மூடிய கண்ணாடி, காதுக்குப் பஞ்சு. பாலியெஸ்டர் போட்டால் உருகித் தோலில் ஒட்டும். லென்ஸுக்கு விலை குறைந்த யுவி ஃபில்டர் ஒன்று போட்டுக்கொண்டு போ, திரும்பும்போது அதைத் தூக்கிப்போடலாம். ஷட்டர் 1/30 பக்கம் வைத்தால் பொறி கோடாக இழுக்கும், 1/500 வைத்தால் வெறும் புள்ளி. ஒன்றை மறக்காதே. 2016 டிசம்பரில் அந்த ஊர்ப் பட்டாசுச் சந்தை வெடித்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அதைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே.

வொலாதோர்கள், அதாவது நீ சொன்ன பறக்கும் மனிதர்கள், பாப்பாந்த்லாவில் இருக்கிறார்கள். ஆனால் முடிந்தால் அக்டோபர் 4, புனிதர் சான் பிரான்சிஸ்கோவின் விழாவுக்குக் குவெட்சாலான் போ. சர்ச்சுக்கு முன்னால் கம்பம். நான்கு பேர் கயிற்றில் தலைகீழாகச் சுற்றி இறங்குவார்கள். உச்சியில் ஐந்தாவது ஆள் குழலும் சின்ன மேளமும் வாசிப்பார். ஆளுக்கு 13 சுற்று, நான்கு பேருக்கும் சேர்த்து 52. பழைய நாள்காட்டியின் 52 வருஷச் சுழற்சி அது. சுற்றை எண்ணிக்கொண்டே எடு, 10ஆவது சுற்றுக்குமேல் கயிறு நீண்டு ஆள் அகலமாக வருவார், அதுதான் நல்ல இடம். மூடுபனி ஊர் என்பதால் வானம் வெள்ளையாக இருக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றி வைக்காவிட்டால் ஆள் காக்கை மாதிரிக் கறுப்பாக விழுவார்.

கூழாங்கல் | ஜனவரி 27

திரும்பி வந்தாயிற்று. கால் இன்னும் வலிக்கிறது.

20ஆம் தேதி காலை, சொன்னபடி வீடியோக்காரரைத் தேடினேன். அறுபது வயது இருக்கும், டிரைபாடோடு சதுக்கத்தில் சோளமும் கொக்கோவும் கலந்த பொசோல் குடித்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லி எங்கே நிற்கலாம் என்று கேட்டேன். என் கேமராவை மேலும் கீழும் பார்த்தார். "என் பின்னால்" என்றார். அவ்வளவுதான். நான்கு நாளும் அவர் பின்னால்தான் நின்றேன். அவர் நகரும் முன் நகர்ந்ததில்லை. அவர் நகர்ந்த ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷத்தில் அங்கே ஏதாவது நடந்தது.

கிலுகிலுப்பைச் சத்தம் பற்றி அக்கா சொன்னது குறைவு. நெஞ்செலும்பு அதிர்கிறது. முகமூடிகளை முதல் நாளே எடுத்துத் தீர்த்துவிட்டேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, அக்கா சொன்னது சரி. இரண்டாம் நாளில் இருந்து முகமூடி நெற்றிக்கு ஏறும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். உள்ளே இருந்து வேர்த்து வழியும் முகம், அதற்கு மேலே சிவந்த கன்னத்தோடு அசையாத இன்னொரு முகம். கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் சரி என்றார்கள். ஒருவர் மாட்டேன் என்றார், விட்டுவிட்டேன்.

22ஆம் தேதி ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அரைத்த பூசணி விதைக் குழம்பில் உப்புக்கண்ட மாட்டிறைச்சி, அவர்களுக்கு அதுதான் பெரிய விருந்து. வீட்டுப் பெண்கள் மூன்று பேர் சியாப்பனேக்கா உடையில். கறுப்பு வலைத் துணியில் அடுக்கடுக்காகப் பூ, பாவாடையை விரித்துப் பிடித்தால் ஒரு கதவு அகலம். படம் எடுக்கச் சொன்னது அவர்களேதான். நான் வழக்கம்போல முகத்துக்குப் போனேன். பாட்டி என் தோளைத் தட்டி, கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். முழுசாக. 35ஐ வைத்துக்கொண்டே மூன்று பேரையும் பாவாடையோடு அடக்க, வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து, எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தேன். நடுவே ஒரு மோட்டோடாக்ஸி ஹாரன் அடித்தபடி போயிற்று.

சதுக்கத்துப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் மறுநாள் காலையே 14 பிரிண்ட் போட்டேன், எல்லாம் கலர். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு 23 மாலை சர்ச்சுக்குப் போனேன். பிரியாவிடையில் பெரிய பெரிய ஆண்கள் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு தேம்பி அழுகிறார்கள். எடுத்தாயா என்று கேட்பீர்கள். எடுத்தேன், மூன்று படம், வீடியோக்காரர் தலையசைத்த பிறகு. இங்கே போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சமுலாவுக்கும் ஒரு அரை நாள் போனேன். கேமராவை ஓட்டலிலேயே வைத்துவிட்டேன்.

சட்டைபட்டன் | ஜனவரி 27

முகமூடிப் படங்களைப் போடு. அந்த அழுகிற மூன்றையும் போடு, இல்லாவிட்டால் எதற்கு எடுத்தாய்?

நத்தை | ஜனவரி 27

தோன்றும்போது போடட்டும். அவர் படம்.

சட்டைபட்டன் | ஜனவரி 28

அது அவர் படமா அவர்கள் படமா என்றுதானே இரண்டு மாதமாக இங்கே சண்டை? நான் சும்மா கேட்கிறேன்.

அக்காக்குருவி | ஜனவரி 28

தம்பி, அந்த மூன்று பெண்கள் படத்தை மட்டுமாவது போடுங்கள். கால் தெரிகிறதா?

கூழாங்கல் | ஜனவரி 28

பாவாடை தரை வரை இருக்கிறது அக்கா. பாட்டி கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தெரிகிறது, ஆறும்.